களிமண் நாட்டில் சைக்கிள்: சியேனா பக்கம் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

இத்தாலியில் சியேனா நகரத்துக்குத் தென்கிழக்கே கிடக்கிறது கிரேத்தே செனேசி. பெயர் தெரியாவிட்டாலும் படம் பார்த்திருப்பீர்கள்: அலையலையாகப் பச்சை மேடுகள், ஒரு மேட்டின் உச்சியில் வரிசையாக நாலு சைப்ரஸ் மரங்கள், அவற்றை நோக்கி வளைந்து ஏறும் ஒரு சாலை. சைக்கிள் பைத்தியம் பிடித்தவர்களுக்கு அந்தச் சாலை மட்டும்தான் கண்ணில் படும். டிக்கெட் போட்டுவிடுவார்கள். கிரேத்தே என்றால் களிமண் நிலங்கள் என்று அர்த்தம். அங்கே போய்ச் செய்கிற தவறுகளில் பாதி இதை மறந்துவிடுவதால் வருகிறவை.

இந்த இடம் ஒரு காலத்தில் கடலடி. சுமார் 25 லட்சம் ஆண்டுகளுக்கும் முன்பு, பிளியோசீன் காலத்தில், கடலுக்கு அடியில் படிந்த சேறுதான் இன்றைய சாம்பல்நீலக் களிமண். உள்ளூர்க்காரர்கள் மத்தாயோனே என்பார்கள். கடலின் உப்பு இன்னும் அதில் இருக்கிறது. மழை அதை அரித்து அறுத்த இடங்களில் கத்தி முனை போன்ற முகடுகளும் இடையிடையே ஓடைப் பள்ளங்களும் உண்டாகியிருக்கின்றன, அவை கலாங்கி. மொட்டைத் தலை போல உருண்டு, உப்புப் பூத்து வெளுத்து நிற்கும் சின்ன மேடுகள் பியாங்கானே. கரிசல் காட்டில் மழைக்கு மறுநாள் நடந்தவர்களுக்கு இந்த மண்ணின் குணத்தைச் சொல்லவே வேண்டாம். காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். நனைந்தால் உப்பிக்கொண்டு, வைத்த காலை விடாது.

சரி, தவறுகளுக்கு வருவோம். எல்லாவற்றிலும் பெரியது, மண் சாலை எல்லாம் ஒன்றுதான் என்று நினைப்பது. இந்தப் பக்கத்தின் புகழ்பெற்ற 'வெள்ளைச் சாலை'கள், அதாவது ஸ்த்ராதே பியாங்கே, வெறும் களிமண் சாலைகள் அல்ல. சுண்ணாம்புக் கல்லை உடைத்துப் பரப்பி இறுக்கியவை. வெளுப்பு அந்தக் கல்லால் வருவது. மழை பெய்தாலும் அதில் பெரும்பாலும் ஓட்டிவிடலாம், நாறிப்போவீர்கள் அவ்வளவுதான். ஆனால் வயலுக்கு டிராக்டர் போகிற தடம் வேறு. அதில் கல் கிடையாது. தொலைபேசியில் உள்ள வழிகாட்டிச் செயலிக்கு இந்த வித்தியாசம் தெரிவதில்லை. இரண்டையும் ஒரே மாதிரிக் கோடாகத்தான் காட்டும்.

அனுபவத்தில்தான் சொல்கிறேன். ஓர் ஏப்ரல் காலை, முந்தின இரவு மழை பெய்து வெறித்திருந்தது. மூன்று கிலோமீட்டர் மிச்சமாகும் என்று செயலி காட்டிய குறுக்குத் தடத்தில் இறங்கினேன். ஐம்பது மீட்டர்கூடப் போயிருக்க மாட்டேன். டயரில் ஒட்டிய மண் மேல் இன்னொரு சுற்று மண், அதன் மேல் இன்னொன்று. முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்குக்கும் டயருக்கும் நடுவே இருந்த விரலளவு இடம் அடைத்துக்கொண்டது, சக்கரம் நின்றுவிட்டது. கீழே இறங்கினால் ஷூவின் அடியில் ஒரு கிலோ களிமண். சைக்கிளைத் தோளில் தூக்கலாம் என்றால் அது இரண்டு மடங்கு கனம். வேலியோரம் கிடந்த குச்சியை எடுத்து மண்ணை நெம்பி நெம்பி எடுத்தேன். நாலு அடி தள்ளினால் மறுபடி அதே கதை. மிச்சம் பிடிக்கப் போன மூன்று கிலோமீட்டருக்கு ஒன்றரை மணி நேரம் அழுதேன். மழைக்குப் பின் ஒன்று தார்ச் சாலையில் இருங்கள், இல்லை கல் பரப்பிய வெள்ளைச் சாலையில் இருங்கள். டிராக்டர் தடம் நன்றாக வெயில் அடித்துக் காய்ந்த பிறகுதான்.

வெள்ளைச் சாலையே ஈரத்தில் என்ன பாடு படுத்தும் என்பதற்கு இத்தாலியைச் சுற்றி நடக்கும் ஜீரோ தித்தாலியா சைக்கிள் பந்தயத்தில் 2010-ன் ஏழாம் கட்டத்தைப் பாருங்கள். மொந்தல்சீனோவில் முடிந்த அந்த நாளில் மழை; யார் எந்த அணி என்று தெரியாத அளவுக்கு வீரர்கள் சேற்றில் மூழ்கி வந்தார்கள். ஜெயித்த கேடல் எவன்ஸின் உலகச் சாம்பியன் சட்டையில் இருந்த வானவில் கோடுகளையே தேடவேண்டியிருந்தது.

அப்புறம் தார்ச் சாலை. 'தார்தானே, பயமில்லை' என்பதும் தவறுதான், ஆனால் யாரும் எச்சரிக்காத தவறு. சியேனாவிலிருந்து அஷானோவுக்குப் போகும் லௌரெத்தானா சாலை, சுமார் 25 கிலோமீட்டர், முகடுகளின் மேலேயே ஓடுகிறது. இருபுறமும் பார்வைக்குத் தடையே இல்லை. இவ்வளவு அழகான தார்ச் சாலையை நான் வேறெங்கும் ஓட்டியதில்லை. ஆனால் தாருக்குக் கீழே இருப்பதும் அதே களிமண். அது மழையில் உப்பி வெயிலில் சுருங்க, மேலே போட்ட தார் ஓரங்களில் அமுங்கும், நீளவாக்கில் வெடிக்கும். குறுக்கே ஓடும் விரிசல் தடக்கென்று ஒரு குலுக்கல், அதோடு சரி. நீளவாக்கு விரிசலில் ஒல்லி டயர் மாட்டினால் தண்டவாளத்தில் மாட்டிய மாதிரி. ஹேண்டிலைத் திருப்ப முடியாது, ஆளைத்தான் திருப்பிப் போடும். இறக்கத்தில் 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது கண் குன்றுகள் மேல் இல்லாமல் சாலை மேல் இருக்கட்டும். குன்றுகளைப் பார்க்க நிறுத்துங்கள், அவை எங்கும் போய்விடாது.

டயர் விஷயத்தில் பழைய பழக்கம் விடாது. 23, 25 மில்லிமீட்டர் டயரில் கல் மாதிரிக் காற்றடித்துக்கொண்டு வருபவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். வெள்ளைச் சாலையும் உண்டு என்றால் 28 குறைந்தபட்சம், 32 போட இடம் இருந்தால் யோசிக்கவே வேண்டாம். காற்றையும் குறையுங்கள். சுமார் 70 கிலோ ஆளுக்கு 32 மில்லிமீட்டர் டயரில் 50 பி.எஸ்.ஐ. பக்கம் போதும். அதற்கு மேல் போனால் சரளையில் டயர் கடிக்காமல் துள்ளும், கை விரல்கள் மரத்துப்போகும். கூடவே இரண்டு டியூப்.

'மலையே இல்லையே' என்பது அடுத்தது. உண்மைதான், வரைபடத்தில் பார்த்தால் ஓட்டுகிற சாலைகள் பெரும்பாலும் 200, 300, 400 மீட்டர் உயரத்துக்குள்தான். ஆனால் இங்கே ஏற்றம் நீளமாக வருவதில்லை, அடிக்கடி வருகிறது. ஒரு ஓடையில் இறங்குவீர்கள், எதிர்ச் சுவர் மாதிரி ஒன்று நிற்கும், பத்துப் பன்னிரண்டு சதவீதம், சில இடங்களில் அதற்கும் மேல். ஏறி முடித்து மூச்சு வாங்குவதற்குள் அடுத்த ஓடை. சரளையில் எழுந்து நின்று மிதித்தால் பின்சக்கரம் சுழலும். உட்கார்ந்தே ஏற வேண்டும். அதற்குச் சின்ன கியர் வேண்டும். முன்னே 34 பல், பின்னே 32 பல் இருந்தால் கௌரவமாக ஏறலாம். அதைவிடச் சின்னதாக இருந்தாலும் யாரும் கேலி செய்யப்போவதில்லை.

முதல் நாளே மோந்தே சாந்தே மரியேவுக்குப் போவது ஆசையால் வரும் தவறு. அஷானோ அருகே உள்ள 11.5 கிலோமீட்டர் வெள்ளைச் சாலை அது. 2007-ல் தொடங்கிய ஸ்த்ராதே பியாங்கே பந்தயத்தை மூன்று முறை ஜெயித்த ஃபாபியான் கான்செல்லாராவின் பெயரை அதற்குச் சூட்டியிருக்கிறார்கள். 2024-ல் தாதேய் பொகாச்சார் இங்கேதான் கூட்டத்தைப் பிரிந்து, மீதி 81 கிலோமீட்டரைத் தனியாக ஓட்டி முடித்தார். அந்தக் காணொளியைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் ஏற்றத்துக்குத்தான் பயப்படுகிறார்கள். ஆளைக் கவிழ்ப்பது இறக்கம். வண்டிகள் ஓடி ஓடி சாலை முழுக்கத் துணி துவைக்கும் பலகை மாதிரி வரிவரியாகியிருக்கும், வளைவுகளின் வெளிப்பக்கம் உதிரிக் கல் குவிந்து கிடக்கும். பிரேக்கை வளைவுக்கு முன்பே பிடித்து முடித்துவிடுங்கள். வளைவுக்குள் முன்பிரேக்கைத் தொட்டால் தரைதான். கார் சக்கரம் ஓடி வழுவழுப்பான தடம் ஒன்று எப்போதும் இருக்கும், அதிலேயே போங்கள். இறக்கத்தில் கை ஹேண்டிலின் கீழ்வளைவில் இருக்கட்டும், பிடி மட்டும் தளர்வாக.

தண்ணீர். மரம் இல்லாத ஊர் இது. ஜூலை, ஆகஸ்டில் நிழல் என்பது உங்கள் தொப்பி மட்டும்தான். இரண்டு பாட்டில் இல்லாமல் கிளம்பாதீர்கள். ஊர்ச் சதுக்கங்களில் குடிநீர்க் குழாய் பெரும்பாலும் இருக்கும், ஆனால் ஊருக்கும் ஊருக்கும் நடுவே ஒன்றும் இருக்காது. கடையில் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று பகல் ஒன்றரைக்கு ஒரு கிராமத்தில் போய் நின்றால் கதவு சாத்தியிருக்கும். மதியம் சுமார் ஒரு மணிக்கு மூடினால் நாலு மணிக்குத்தான் பலரும் திறப்பார்கள். 1313-ல் தொடங்கிய மோந்தே ஒலிவேத்தோ மஜ்ஜோரே மடமும் நடுப்பகலில் மூடியிருக்கும். சோதோமா, சிஞ்ஞொரெல்லி வரைந்த சுவரோவியங்களைப் பார்க்க ஆசை இருந்தால் காலையிலேயே போய்விடுங்கள். செங்கல் கட்டடம், சுற்றிலும் சைப்ரஸ் காடு, மூன்று பக்கமும் கலாங்கிப் பள்ளம். கிரேத்தேயில் நிழலை நம்பி உட்காரக்கூடிய மிகச் சில இடங்களில் இது ஒன்று.

பருவத்தைத் தப்பாகத் தேர்ந்தெடுக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. படத்தில் பார்த்த பச்சை ஏப்ரல், மே மாதத்துக் கோதுமைப் பயிர். அறுவடை முடிந்து உழுதுவிட்டால் செப்டம்பரில் எல்லாம் சாம்பல் நிறம், நிலவின் தரை மாதிரி. எனக்கு அதுதான் பிடிக்கும். பச்சையை எதிர்பார்த்துப் போகிறவர் ஏமாந்துபோவார்.

பியாங்கானே மேட்டின் மேல் சைக்கிளை ஏற்றிப் படம் எடுப்பதும் நடக்கிறது. வேண்டாம். கோதுமை போட இவற்றில் பலவற்றை இயந்திரம் வைத்துச் சமப்படுத்திவிட்டார்கள். மிஞ்சியவை கொஞ்சம்தான், லியோனீனா பக்கம் உள்ளவை ஐரோப்பிய அளவில் பாதுகாக்கப்பட்டவை. மேலே இருக்கும் பொருக்கு ஒரு சக்கரத் தடத்துக்கே உடைந்துவிடும், அடுத்த மழை அந்தத் தடத்தின் வழியே இறங்கும்.

நனைந்த நாளாக இருந்தால் திரும்பி வந்ததும் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டுக் குளிக்கப் போகாதீர்கள். ஒரு ராத்திரி காய்ந்தால் மத்தாயோனே பிரேக்கிலும் செயினிலும் சிமெண்டு மாதிரி இறுகிவிடும். ஈரம் இருக்கும்போதே வாளித் தண்ணீரும் பழைய பிரஷ்ஷும் போதும். வேகமாகப் பீய்ச்சும் குழாயைப் பேரிங் பக்கம் காட்டாதீர்கள், மண் உள்ளே போய்விடும். விடுதிக் குளியலறையில் மட்டும் கழுவிவிடாதீர்கள். குழாய் அடைத்துக்கொண்டு அன்று ராத்திரி விடுதிக்காரர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.