கருத்தடை வகுப்பில் ஆபத்தை எப்படிச் சொல்லித்தருவது

செவிலியர் மாணவர்களுக்குக் கருத்தடை முறைகளை நடத்தும்போது நான் பாடப்புத்தக வரிசையில் போவதில்லை. புத்தகம் தற்காலிக முறை, நிரந்தர முறை என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நன்மை, பக்கவிளைவு, யாருக்குக் கூடாது என்று பட்டியல் போட்டிருக்கும். மாணவர்கள் அதை மனப்பாடம் செய்து பரீட்சையில் எழுதிவிடுவார்கள். ஆனால் வார்டில் ஒரு பெண் "சிஸ்டர், இந்த மாத்திரை சாப்பிட்டா ரத்தம் கட்டிக்குமாமே, நிஜமா?" என்று கேட்டால் அந்தப் பட்டியல் கைகொடுக்காது. "ஆமாம், சிலருக்கு வரலாம்" என்பார்கள். அந்தப் பெண் பயந்துபோய் மாத்திரையை நிறுத்திவிடுவார். கொஞ்ச நாளில் வேண்டாத கர்ப்பத்தோடு வந்து நிற்பார். அதனால் ஒரு கேள்வியை மாணவர்களிடம் வகுப்புக்கு வகுப்பு கேட்டுக்கொண்டே இருக்கிறேன்: இந்த ஆபத்து எத்தனை பேரில் எத்தனை பேருக்கு, எதோடு வைத்துப் பார்க்கும்போது?

முதல் வகுப்புக்கு ஆளுக்கொரு கிராஃப் தாள் கொண்டுவரச் சொல்லுங்கள். மில்லிமீட்டர் கட்டம் போட்ட சாதாரணத் தாள் போதும். அதில் பத்து சென்டிமீட்டருக்குப் பத்து சென்டிமீட்டர் சதுரம் வரைந்தால், உள்ளே சரியாக 10,000 சின்னக் கட்டங்கள் இருக்கும். ஒரு கட்டம் ஒரு பெண். கர்ப்பமும் இல்லாமல், மாத்திரையும் சாப்பிடாமல் இருக்கும் 10,000 பெண்களில் ஒரு வருடத்தில் 1 முதல் 5 பேருக்குச் சிரை நாளத்தில் இரத்தம் உறைகிறது. பென்சிலால் ஐந்து கட்டம் நிரப்பச் சொல்லுங்கள். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் கலந்த மாத்திரை சாப்பிடுபவர்களில் அது 3 முதல் 9 பேர். ஒன்பது கட்டம், நீலப் பேனா. கர்ப்பிணிகளில் 5 முதல் 20, பச்சை. பிரசவமான முதல் 12 வாரங்களில், ஆண்டுக் கணக்காக மாற்றிப் பார்த்தால், 40 முதல் 65, சிவப்பு. சிவப்பை நிரப்பி முடிக்க நேரமாகும். அவசரப்படுத்தாதீர்கள், அந்த நேரத்தில்தான் விஷயம் மனதில் பதியும். மாத்திரையால் ஆபத்து கூடுகிறது என்பதும் தாளில் தெரியும். கர்ப்பத்தில் அதைவிடக் கூடுகிறது என்பதும் தெரியும். இரண்டையும் சேர்த்துச் சொல்லப் பழகினால்தான் அந்தப் பெண்ணுக்கு முழுப் பதில் கிடைக்கும்.

அப்புறம் ஒன்றைத் தவறாமல் கேளுங்கள்: நீலக் கட்டத்தில் விழப்போவது யார் என்று முன்கூட்டியே கொஞ்சமாவது ஊகிக்க முடியுமா? முடியும். உலக சுகாதார நிறுவனம் இதற்காகவே ஒவ்வொரு உடல்நிலைக்கும் ஒவ்வொரு முறைக்கும் 1 முதல் 4 வரை எண் கொடுத்திருக்கிறது. 1 என்றால் தாராளமாகக் கொடுக்கலாம், 4 என்றால் கொடுக்கவே கூடாது. ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரைக்கு 4 வாங்குபவர்களை மாணவர்கள் தூக்கத்தில் கேட்டாலும் சொல்ல வேண்டும்: ஏற்கெனவே ஆழ்சிரையில் இரத்தம் உறைந்தவர், 35 வயதோ அதற்கு மேலோ ஆகி நாளுக்கு 15 சிகரெட்டோ அதற்கு மேலோ புகைப்பவர், இரத்த அழுத்தம் 160/100 அல்லது அதற்கு மேல் இருப்பவர், குழந்தை பிறந்து ஆறு வாரம் ஆகாமல் தாய்ப்பால் கொடுப்பவர், மார்பகப் புற்றுநோய் உள்ளவர், ஆராவோடு ஒற்றைத் தலைவலி வருபவர்.

கடைசியில் சொன்னதில் நான் கொஞ்ச நேரம் நிற்பேன். "உங்களுக்கு ஆரா இருக்கா?" என்று கேட்டால் எந்தப் பெண்ணும் ஆமாம் என்று சொல்லமாட்டார். "தலைவலி ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கண்ணுல ஏதாவது மின்னுமா? கோணல்மாணலா வெளிச்சக்கோடு தெரியுமா? பார்க்கறதுல ஒரு பக்கம் மறைஞ்ச மாதிரி இருக்குமா? கை மரத்துப்போகுமா?" என்று கேட்டால் சொல்வார். இந்த ஒரு கேள்வி பக்கவாதத்தைத் தடுக்கக்கூடியது. ஆகவே அதை எழுதிக்காட்டினால் போதாது, வாய்விட்டுக் கேட்டுப் பழக வேண்டும். இரண்டிரண்டு பேராக உட்கார வைத்து ஒருவரை ஒருவர் கேட்கச் சொல்லுங்கள். வகுப்பிலேயே யாராவது "எனக்கு அப்படித்தான் வரும்" என்று சொன்னால் வியப்பில்லை. அதேபோல, மாத்திரை தொடங்கும் பெண்ணிடம் சொல்ல வேண்டிய ஐந்து அபாய அறிகுறிகளையும் பேச்சுத் தமிழில் சொல்ல வையுங்கள்: தாங்க முடியாத வயிற்றுவலி, நெஞ்சுவலி அல்லது மூச்சுத்திணறல், இதுவரை வராத மாதிரி தலைவலி, திடீரென்று பார்வை மங்குவது அல்லது பேச்சு குழறுவது, ஒரு காலில் மட்டும் கெண்டைச்சதை வீங்கி வலிப்பது. இவற்றில் எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும் என்று முடிக்க வேண்டும்.

"எங்க பாட்டி காலத்திலேயே இதெல்லாம் ஆபத்துன்னு சொல்வாங்களே" என்று ஒரு மாணவி கேட்பார். நல்ல கேள்வி, ஒதுக்காதீர்கள். 1960இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் கருத்தடை மாத்திரையான எனோவிட்டில் 150 மைக்ரோகிராம் ஈஸ்ட்ரோஜன் இருந்தது. இன்று வழக்கமாகக் கொடுப்பதில் 20 முதல் 35 மைக்ரோகிராம்தான். அன்றைய பயத்துக்குக் காரணம் இருந்தது. 1970இல் அமெரிக்க செனட்டில் மாத்திரையின் பாதுகாப்பு பற்றி விசாரணை நடந்தபோது, அதைச் சாப்பிட்ட பெண்களில் ஒருவரைக்கூட சாட்சி சொல்ல அழைக்கவில்லை. பெண்கள் பார்வையாளர் இருக்கையிலிருந்து எழுந்து சத்தமாகக் கேள்வி கேட்டார்கள். ஆபத்தை விளக்கும் துண்டுத்தாள் மாத்திரை அட்டையோடு வரத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். அந்தத் தாளைப் படித்துக்காட்டுவது செவிலியர் போடும் தயவு இல்லை, கேட்பவரின் உரிமை.

முறை தோற்றுப்போவதும் ஒரு ஆபத்துதான். இதைப் பலர் பக்கவிளைவுப் பட்டியலில் சேர்ப்பதே இல்லை. பலகையில் இரண்டு பத்தி போடுங்கள்: விதிப்படி பயன்படுத்தினால், நடைமுறையில் பயன்படுத்தினால். வருடத்துக்கு 100 பெண்களில் எத்தனை பேர் கருத்தரிப்பார்கள் என்ற கணக்கு. மாத்திரை 0.3, ஆனால் நடைமுறையில் 7. ஆணுறை 2, நடைமுறையில் 13. கருப்பைக்குள் பொருத்தும் காப்பர் டி இரண்டிலும் 1க்குக் கீழே. எந்த முறையும் இல்லாவிட்டால் 85. மாத்திரையை நாள்தோறும் நினைவு வைக்க வேண்டும், காப்பர் டியை ஒருமுறை பொருத்தினால் போதும். வித்தியாசம் அதில்தான் வருகிறது. இதைச் சொல்லிவிட்டு மாத்திரை அட்டை ஒன்றைக் கையில் கொடுத்து, "இரண்டு நாள் மறந்துவிட்டேன், இப்போது என்ன செய்ய?" என்று கேளுங்கள். ஒரு மாத்திரைதான் தவறியது என்றால் நினைவு வந்ததும் போட்டுக்கொண்டு மற்றதை வழக்கம்போலத் தொடரலாம். இரண்டு அல்லது அதற்கு மேல் தவறினால் கடைசியாகத் தவறியதைப் போட்டுக்கொண்டு, தொடர்ந்து ஏழு நாள் மாத்திரை சாப்பிடும்வரை ஆணுறையும் சேர்த்துப் பயன்படுத்த வேண்டும். காசநோய்க்கு ரிஃபாம்பிசினோ வலிப்புக்கு கார்பமசெபைன், ஃபெனிட்டாயினோ சாப்பிடுகிறாரா என்பதையும் கேட்கச் சொல்லுங்கள். அவை கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைத்துவிடும்.

காப்பர் டியைப் படத்தில் காட்டாதீர்கள், கையில் கொடுங்கள். நடுத்தண்டில் சுற்றிய செம்புக் கம்பியைத் தடவிப் பார்க்கட்டும், இரண்டு கைகளும் எவ்வளவு லேசாக மடங்குகின்றன என்று மடித்துப் பார்க்கட்டும், நூலை விரலில் இழுத்துப் பார்க்கட்டும். "இது மேலே ஏறி நெஞ்சுக்குப் போயிடுமா" என்ற பயத்தைக் கருப்பை மாதிரியை வைத்துத்தான் தீர்க்க முடியும். பொருத்தும்போது கருப்பைச் சுவரில் துளை விழுவது ஏறக்குறைய 1,000க்கு ஒன்று. தானாக வெளியே வந்துவிடுவது சுமார் 20க்கு ஒன்று, அதுவும் பெரும்பாலும் முதல் வருடத்தில். தொற்று ஆபத்து பொருத்திய முதல் மூன்று வாரத்தில்தான் சற்றுக் கூடுதல். மாதவிடாயில் இரத்தப்போக்கும் வலியும் கூடலாம் என்பதை முன்பே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால் இரண்டாவது மாதமே எடுக்கச் சொல்லி வருவார்கள். தொற்றுப் பயத்துக்கு ஒரு வரலாறும் உண்டு: டால்கன் ஷீல்டு என்ற பழைய சாதனத்தின் நூல் பல இழைகளாலானது, அதன் வழியே கிருமி மேலே ஏறியது; அமெரிக்காவில் 1974இல் விற்பனை நின்றது. இன்றைய காப்பர் டியின் நூல் ஒற்றை இழை.

மற்றவற்றை ஒரே வகுப்பில் முடிக்கலாம். மூன்று மாத ஊசியில் மாதவிடாய் தப்புவது சகஜம், நிறுத்தியபின் கருத்தரிக்கச் சில மாதம் தாமதமாகலாம், எலும்பின் அடர்த்தி கொஞ்சம் குறைந்து நிறுத்தியதும் பெரும்பாலும் மீளும். ஆண்களுக்கான கருத்தடை அறுவையான வாசெக்டமி செய்தவுடனே பலன் கிடையாது, மூன்று மாதம் வேறு முறை வேண்டும். பாலியல் தொற்றையும் சேர்த்துத் தடுப்பது ஆணுறை மட்டுமே. பாதுகாப்பில்லாத உறவுக்குப் பிறகு போடும் அவசர மாத்திரைக்கு எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. ஐந்து நாளுக்குள் காப்பர் டி பொருத்தினால் அது மாத்திரையைவிடவும் பலமான பாதுகாப்பு.

தேர்வுக்கு ‘விளக்குக’ வகைக் கேள்வி வைக்காதீர்கள். ஒரு ஆளைக் கொடுங்கள். 28 வயது, பிரசவமாகி நான்கு வாரம், தாய்ப்பால் கொடுக்கிறார், அக்கா சாப்பிடும் மாத்திரையே தனக்கும் வேண்டும் என்கிறார். ஈஸ்ட்ரோஜன் மாத்திரை இப்போது கூடாது என்று காரணத்தோடு சொன்னால் பாதி மதிப்பெண். காப்பர் டி, ஈஸ்ட்ரோஜன் இல்லாமல் புரோஜெஸ்டின் என்ற ஹார்மோன் மட்டுமே உள்ள மாத்திரை, ஆணுறை என்று மாற்றுவழிகளைச் சொல்லி, அவருக்கு எது ஒத்துவரும் என்று அவரையே கேட்டால் மீதியில் பெரும்பங்கு. "அக்கா மாத்திரைன்னு ஏன் தோணுச்சு?" என்று முதலில் கேட்ட மாணவருக்குக் கூடுதலாக இரண்டு மதிப்பெண் போடுங்கள். மறுபடி எப்போது வரவேண்டும், எந்த அறிகுறி வந்தால் அன்றைக்கே வரவேண்டும் என்று சொல்லாமல் அனுப்பியவருக்கு, மற்றதெல்லாம் சரியாக இருந்தாலும், திரும்பச் செய்யச் சொல்லுங்கள்.