துருப்பிடித்த பழைய காருக்கு வீட்டிலேயே பெயிண்ட் அடிப்பது எப்படி?

கையில் பணம் குறைவாக இருந்தால் முதலில் வாங்க வேண்டியது பெயிண்ட் இல்லை, உப்புத்தாளும் நல்ல பிரைமரும்தான் (பெயிண்டுக்கு அடியில் பூசும் முதல் பூச்சு). துருவின் மேல் அடித்த பெயிண்ட், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும் சில மாதங்களில் கொப்பளித்துக்கொண்டு வந்துவிடும். அதனால் உங்கள் நேரத்தில் பெரும்பகுதியைத் துருவுக்கே ஒதுக்குங்கள்.

1. துருவைத் தேடுங்கள்

வண்டியை சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவிட்டு, தண்ணீர் தேங்கும் இடங்களைப் பாருங்கள். சக்கர வளைவு, கதவின் கீழ் விளிம்பு, டிக்கி ஓரம், கண்ணாடி ரப்பரின் அடி. பெயிண்ட் சின்னதாக உப்பியிருந்தால் ஸ்க்ரூடிரைவர் முனையால் கீறிப் பாருங்கள். மேலே பட்டாணி அளவு தெரிந்த துரு, அடியில் உள்ளங்கை அகலத்துக்குப் பரவியிருக்கலாம்.

முனை உள்ளே இறங்கினால் தகடு அரித்துவிட்டது. கதவிலோ மட்கார்டிலோ என்றால் தகடு ஒட்டிச் சரிசெய்யலாம். சேஸிஸ் (வண்டியின் அடிச்சட்டம்), சீட் பெல்ட் பிடிமானம், கதவுக்குக் கீழே உள்ள படிப்பகுதி என்றால் வெல்டிங்தான் வழி. அங்கே பட்டி (பள்ளத்தை நிரப்பும் பசை) பூசி மறைப்பது உயிரோடு விளையாடுவது.

2. சுரண்டுங்கள்

கம்பி பிரஷ், பிறகு 80 நம்பர் உப்புத்தாள் (நம்பர் கூடக் கூட தாள் மென்மையாகும்). பளபளக்கும் இரும்பு தெரியும் வரை தேய்க்க வேண்டும். குழிகளுக்குள் கறுப்பாக ஒளிந்திருக்கும் துருவுக்கு, பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு நீக்கியை அதன் டப்பாவில் சொன்னபடி பூசுங்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். நுண்தூசையும் தடுக்கும் மாஸ்க் இல்லாமல் தேய்க்காதீர்கள்.

இரும்பு வெளியே தெரிந்த அன்றே பிரைமர் அடித்துவிடுங்கள். எபாக்ஸி பிரைமர் கிடைத்தால் நல்லது, அது ஈரத்தை நன்றாகத் தடுக்கும். சாதாரண பிரைமர் ஈரத்தை உள்ளே விடும், அதை மட்டும் அடித்து வண்டியை மழையில் விட்டால் பழைய கதைதான்.

3. பட்டி

பள்ளங்களை நிரப்பும் பட்டியில், அதை இறுக வைக்கும் ஹார்டனரைக் கொஞ்சமாகச் சேர்த்துக் குழையுங்கள், நூற்றுக்கு 2 பங்கு போதும். சில நிமிடங்களில் இறுகிவிடும் என்பதால் எலுமிச்சை அளவுக்கு மேல் எடுக்க வேண்டாம். காய்ந்ததும் 80, 180, 320 என்று படிப்படியாகத் தேய்க்க வேண்டும், உப்புத்தாளை ஒரு மரக்கட்டையில் சுற்றிக்கொண்டு. வெறும் விரலால் தேய்த்தால் பள்ளம் விழும்.

கண்ணை மூடிக்கொண்டு மெல்லிய துணி வழியாக உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத மேடு கைக்குத் தெரியும். இப்போது விட்ட மேடு, பெயிண்ட் ஏறியதும் பளபளப்பில் இரண்டு மடங்காகத் தெரியும். அப்புறம் பட்டியின் மேலும் பிரைமர்.

4. பெயிண்ட்

பெயிண்டைத் தெளிக்கும் கம்ப்ரசர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. எனாமல் பெயிண்டும் நுரை ரோலரும் போதும். ஹார்டனர் கலந்து அடிக்கும் டூ-கே பெயிண்ட் வேண்டாம். அதில் உள்ள ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் நுரையீரலைக் கெடுக்கும், சாதாரண மாஸ்க் அதைத் தடுக்காது.

பிரைமரை 400 நம்பர் வாட்டர் பேப்பரால் (தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) தேய்த்து, துடைத்து, கண்ணாடி, விளக்கு, ரப்பரை எல்லாம் மாஸ்கிங் டேப்பால் மூடுங்கள். தரையில் தண்ணீர் தெளித்தால் தூசு அடங்கும். பெயிண்டை அதற்குரிய தின்னரில் பால் பதத்துக்குக் கரைத்து, முதலில் மறைவான ஓர் இடத்தில் பூசிப் பாருங்கள். சுருங்கினால் அடியில் உள்ள பிரைமரோடு ஒத்துப்போகவில்லை.

முதல் பூச்சு திட்டுத் திட்டாகத்தான் இருக்கும். பயந்து போய் தடிமனாக அடித்துவிடாதீர்கள், வழிந்துவிடும். நன்றாகக் காயவிட்டு அடுத்தது. இரண்டு பூச்சுக்கு ஒருமுறை 600 நம்பரால் தண்ணீர் விட்டு லேசாகத் தேய்த்தால் ரோலர் தடம் போய்விடும். ஐந்தாறு பூச்சில் நிறம் நிறைந்துவிடும்.

5. பாலிஷ்

சில வாரங்கள் பொறுங்கள். நகத்தால் அழுத்தித் தடம் விழாத பிறகு 1500, 2000 நம்பர் பேப்பரால் தண்ணீர் விட்டுத் தேய்த்து, ரப்பிங் காம்பவுண்ட் (பளபளப்பு ஏற்றும் பசை) போடுங்கள். விளிம்புகளில் மட்டும் கையை லேசாக வையுங்கள், அங்கேதான் பெயிண்ட் சீக்கிரம் தேய்ந்து பிரைமர் எட்டிப் பார்க்கும்.