ஜெர்மனியில் கார்: மாத வாடகையா, சொந்தமாக வாங்குவதா? சேலத்திலிருந்து புறப்படுவோருக்கு ஒரு வழிகாட்டி

சேலம், ஆத்தூர், மேட்டூர், ஏற்காடு என நம் பக்கத்து வீடுகளிலிருந்து பொறியாளர்களும் செவிலியர்களும் மேற்படிப்பு மாணவர்களும் ஜெர்மனிக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். வேலை உத்தரவு கைக்கு வந்த சில நாள்களிலேயே, அங்கே போனதும் கார் வாங்கிவிடலாமா, மாத வாடகைக்கு எடுத்தால் போதுமா என்ற பேச்சு வீட்டில் தொடங்கிவிடுகிறது. பலரும் இரண்டின் விலையையும் ஒப்பிட்டு முடிவெடுக்கிறார்கள். விலைக்கு முன்பாக இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆறு மாதம் கழித்து அந்த நாட்டில் வண்டி ஓட்டச் சட்டப்படி உங்களுக்கு உரிமம் இருக்குமா? எத்தனை மாதம் அங்கே இருக்கப்போகிறீர்கள் என்பது எழுத்தில் உறுதியாகியிருக்கிறதா? இவற்றுக்கு விடை கிடைக்கும்வரை வாடகை வண்டியே சரியான வழி.

கார் தேவைதானா என்பதையும் ஒருமுறை யோசித்துவிடுங்கள். பெருநகரத்தில் வீடும் வேலையும் அமைந்தவர்களுக்கு, 2025-இல் மாதம் 58 யூரோவுக்குக் கிடைத்த டாய்ச்லாண்ட் டிக்கெட் ஒன்றே நாடு முழுவதும் உள்ளூர்ப் பேருந்து, டிராம், வட்டார ரயில் அனைத்துக்கும் போதுமானதாக இருந்தது. தொழிற்சாலை நகரத்துக்கு வெளியே இருந்து, ஷிப்டு விடியற்காலையில் தொடங்கினாலோ, வீட்டில் கைக்குழந்தை இருந்தாலோதான் கார் அவசியமாகிறது.

முதலில் உரிமம். இந்திய ஓட்டுநர் உரிமத்தை வைத்து ஜெர்மனியில், அங்கே குடியேறிய நாளிலிருந்து ஆறு மாதம் வரை மட்டுமே வண்டி ஓட்டலாம். மொத்தத் தங்கலே ஓராண்டுக்குள் முடிந்துவிடும் என்று ஆவணத்தோடு காட்டினால் அந்தக் காலத்தை நீட்டித்துத் தர இடமுண்டு. மற்றவர்களுக்கு ஆறு மாதம் முடிந்த மறுநாளே அந்த உரிமம் அங்கே செல்லாததாகிவிடுகிறது. அதற்குப் பிறகு ஓட்டுவது உரிமமின்றி ஓட்டும் குற்றம். அது அபராதத்தோடு முடியும் சிறு விதிமீறல் அல்ல, குற்றவியல் வழக்காகப் பதிவாகக்கூடியது. அந்த நிலையில் விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் உங்களிடமே பணத்தைத் திரும்பக் கேட்கலாம். கையில் சொந்தக் கார் இருந்தும் ஓட்ட முடியாமல், அதற்கான வரியையும் காப்பீட்டையும் கட்டிக்கொண்டிருக்கும் நிலை யாருக்கும் வரக் கூடாது என்பதால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ஆகவே புறப்படுவதற்கு முன்பே சேலத்தில் முடிக்க வேண்டிய வேலைகள் சில உள்ளன. உங்கள் முகவரி எந்த வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் எல்லைக்குள் வருகிறதோ, அங்கே பாஸ்போர்ட், விசா, உரிமம் ஆகியவற்றுடன் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதிக்கு விண்ணப்பித்துப் பெற்றுக்கொள்ளுங்கள். அது ஓராண்டு செல்லும். ஆனால் ஜெர்மனியின் ஆறு மாத வரம்பை அந்த ஓராண்டு நீட்டிக்காது, இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். வாடகை நிறுவனங்கள் அந்த அனுமதியைக் கேட்பது வழக்கம். அதோடு உங்கள் உரிமத்தின் ஜெர்மன் மொழிபெயர்ப்பு ஒன்றையும் வைத்துக்கொள்வது பாதுகாப்பானது, இதை அந்நாட்டு வாகன ஓட்டிகள் சங்கமான ஆதாக் அமைப்பும் செய்து தருகிறது. இந்திய உரிமத்தின் காலாவதித் தேதியையும் பார்த்துவிடுங்கள். காலாவதியாகி ஓராண்டு கடந்துவிட்டால் திரும்பி வந்து புதுப்பிக்கும்போது மீண்டும் ஓட்டிக் காட்ட வேண்டியிருக்கும்.

ஜெர்மன் உரிமம் பெற இந்தியர்கள் எழுத்துத் தேர்வு, ஓட்டுத் தேர்வு இரண்டையும் எழுதித்தான் ஆக வேண்டும். புதிதாகக் கற்பவர்களுக்கு உள்ள கட்டாய வகுப்பு எண்ணிக்கை நமக்கு இல்லை என்பது ஒரு சலுகை. ஆனாலும் ஓட்டுத் தேர்வுக்கு ஓட்டுநர் பள்ளி வழியாகவே போக வேண்டும். கண் பரிசோதனைச் சான்றும் முதலுதவிப் பயிற்சிச் சான்றும் தேவை. எழுத்துத் தேர்வை ஆங்கிலத்தில் எழுதலாம், தமிழிலோ இந்தியிலோ எழுத வாய்ப்பில்லை. ஏற்காட்டு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஏறி இறங்கிப் பழகியவருக்கு கியர் மாற்றுவதிலோ வளைவு எடுப்பதிலோ சிரமம் இராது. சிரமம் தருவது விதி. மலைப்பாதையில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழி விட வேண்டும் என்பது நமக்கு ஊறிப்போன பாடம். அதே அளவுக்கு, பலகையோ விளக்கோ இல்லாத சந்திப்பில் வலப்புறத்திலிருந்து வரும் வண்டிக்கு வழி விட வேண்டும் என்ற ஜெர்மன் விதியும் உங்களுக்கு ஊறிப்போக வேண்டும். சாலையின் வலப்பக்கம் ஓட்டும் பழக்கத்தோடு இதையும் சேர்த்துக் கற்க வாரங்கள் பிடிக்கும். விண்ணப்பம் பரிசீலிக்கப்படவும் தேர்வுத் தேதி கிடைக்கவும் காத்திருக்க வேண்டியிருப்பதால், ஊர் போய்ச் சேர்ந்த முதல் மாதத்திலேயே விண்ணப்பித்துவிடுங்கள்.

அடுத்தது தங்கும் காலம். ஜெர்மன் வேலை ஒப்பந்தங்களில் தகுதிகாண் பருவம் பெரும்பாலும் ஆறு மாதம். அந்தக் காலத்தில் இரண்டு வார முன்னறிவிப்பில் வேலையிலிருந்து நீக்க நிறுவனத்துக்கு உரிமை உண்டு. உரிமத்துக்கும் ஆறு மாதம், வேலை உறுதியாவதற்கும் ஆறு மாதம் என்று இரண்டு கெடுக்களும் ஒன்றாக வருவதைக் கவனியுங்கள். முதல் ஆறு மாதம் வாடகை வண்டி, ஐந்தாம் மாத முடிவில் தேர்வு நிலவரத்தையும் வேலை நிலவரத்தையும் வைத்து முடிவு, இரண்டும் சாதகமாக இருந்து இன்னும் ஓராண்டுக்கு மேல் அங்கேயே இருப்பது உறுதி என்றால் வாங்குதல் என்பதுதான் நான் எல்லோருக்கும் சொல்லும் வரிசை. படிப்புக்குப் போகிறவர்கள், படிப்பு முடிந்து வேறு நகரத்துக்கு மாற வாய்ப்பிருப்பதையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நீண்ட கால வாடகை என்று சொல்லப்படுவதில் மூன்று வகைகள் உள்ளன. வாடகை நிறுவனத்திடம் மாதக் கணக்கில் எடுப்பது ஒன்று. இரண்டாவது சந்தா முறை. மாதம் ஒரு தொகை கட்டினால் வரி, காப்பீடு, பராமரிப்பு, பருவத்துக்கேற்ற டயர் எல்லாம் அதிலேயே அடங்கிவிடும், எரிபொருள் மட்டும் நம் செலவு. மூன்றாவது குத்தகை முறை. இதன் மாதத் தொகை குறைவாகத் தெரியும், ஆனால் வழக்கமாக 24 முதல் 48 மாதம் வரை கட்டுப்பட வேண்டும், இடையில் விடுவது மிகக் கடினம். காப்பீடு பெரும்பாலும் நம் பொறுப்பு. புதிதாகப் போகிறவர்களுக்குக் குத்தகையை நான் பரிந்துரைப்பதில்லை. சந்தா நிறுவனங்களில் சில ஐரோப்பிய உரிமம் உள்ளவருக்கே வண்டி தருகின்றன, ஆகவே பணம் கட்டுவதற்கு முன்பே இந்திய உரிமம் ஏற்கப்படுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஒப்பந்தத்தில் படித்தே தீர வேண்டியவை: மாதத்துக்கு எத்தனை கிலோமீட்டர், அதைத் தாண்டினால் கிலோமீட்டருக்கு என்ன கட்டணம், சேதம் நேர்ந்தால் காப்பீடு தருவதற்கு முன் நம் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகை எவ்வளவு, கணவனும் மனைவியும் இருவரும் ஓட்டலாமா, பக்கத்து நாடுகளுக்குக் கொண்டு போகலாமா என்பவை. பிணைத் தொகைக்கு கிரெடிட் கார்டு கேட்பார்கள். வண்டியை எடுக்கும்போதும் திருப்பித் தரும்போதும் நான்கு பக்கமும், சக்கர விளிம்பும், உள்பக்கமும் தேதியோடு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி விலை. கீழே வருபவை கணக்கு முறையைக் காட்ட நான் எடுத்துக்கொண்ட தொகைகள், உங்கள் ஊர் விலையை அந்த இடத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். 12,000 யூரோவுக்குப் பழைய கார் ஒன்றை வாங்கி, இரண்டு ஆண்டு ஓட்டி, 9,000-க்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். தேய்மானம் 3,000. காப்பீடு ஆண்டுக்கு 1,200 வீதம் 2,400. வரி 300. குளிர்கால டயர் 500. பராமரிப்பும் தகுதிச் சோதனையும் 1,000. ஆக மொத்தம் 7,200, மாதத்துக்கு 300 யூரோ. சந்தா மாதம் 450 என்றால் வாங்குவதே இலாபம். அதே காரை ஆறே மாதத்தில் அவசரமாக விற்க நேர்ந்தால் தேய்மானம் 1,500, காப்பீடு 600, வரி 75, டயர் 500, பராமரிப்பு 300 என 2,975 ஆகி, மாதத்துக்கு 496 யூரோ வந்துவிடுகிறது. அப்போது வாடகையே மலிவு.

இந்தக் கணக்கில் நம்மவர்கள் விட்டுவிடும் ஒரு செலவு உண்டு. ஜெர்மனியில் புதிதாக வந்தவருக்கு ஷூஃபா எனப்படும் கடன் வரலாற்றுப் பதிவு இருக்காது, தங்கும் அனுமதியின் காலமும் குறைவாக இருக்கும் என்பதால் வங்கிக் கடன் எளிதில் கிடைப்பதில்லை. உடனே ஊரில் அம்மாவின் நகையை அடகு வைத்துப் பணம் அனுப்பும் யோசனை வருகிறது. ஆண்டுக்கு 10 சதவீத வட்டி என்றாலும் 12,000 யூரோவுக்கு இரண்டு ஆண்டில் 2,400 யூரோ, அதாவது மாதத்துக்கு 100. 300 என்று நினைத்தது 400 ஆகிவிடுகிறது. 450 யூரோ சந்தாவுக்கும் இதற்கும் இடையில் உள்ள 50 யூரோவுக்காக வீட்டு நகையை அடகுக் கடையில் வைக்க வேண்டுமா என்பதைக் குடும்பமாக உட்கார்ந்து யோசியுங்கள். சம்பளத்தில் சேமித்த பணத்தில் வாங்குவதே நல்லது, அதற்கும் முதல் ஆறு மாத வாடகைக் காலம் உதவுகிறது.

வாங்குவது என்று முடிவானால், புதிதாக வந்தவர்கள் தனியாரிடம் வாங்குவதைவிட விற்பனையாளரிடம் வாங்குவதே பாதுகாப்பு. பழைய காருக்கும் குறைந்தது ஓராண்டுக்கு விற்பனையாளர் சட்டப்படி பொறுப்பேற்க வேண்டும், தனியார் அந்தப் பொறுப்பை ஒப்பந்தத்தில் ஒரு வரியிலேயே தள்ளிவிடலாம். தகுதிச் சோதனை புதிய காருக்கு மூன்றாம் ஆண்டிலும், பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் செய்ய வேண்டும், அடுத்த சோதனை எப்போது என்பது பின்பக்க எண் பலகையின் ஒட்டுவில்லையில் தெரியும். நம் ஆர்.சி. புத்தகம் அங்கே இரண்டு பாகமாக இருக்கும். உடைமையைக் குறிக்கும் இரண்டாம் பாகம் கைக்கு வராமல் முழுப் பணத்தைக் கொடுக்காதீர்கள். காப்பீட்டு நிறுவனம் தரும் மின்னணு உறுதி எண் இருந்தால்தான் வண்டியை உங்கள் பெயரில் பதிய முடியும். பனி, உறைபனிச் சாலையில் குளிர்கால டயர் கட்டாயம். 2024 அக்டோபரிலிருந்து மலையும் பனித்துகளும் கொண்ட முத்திரை உள்ள டயர் மட்டுமே அதற்குச் செல்லும் என்பதால், பழைய காரோடு சேர்த்துத் தரப்படும் டயரில் அந்த முத்திரையைப் பார்த்து வாங்குங்கள்.

வாங்கும்போதே விற்கும் வழியையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஊர் திரும்பும்போது அந்தக் காரைச் சேலத்துக்குக் கொண்டுவர முடியாது. ஓட்டிய காரை இந்தியாவுக்குள் இறக்குமதி செய்ய, அதன் ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும் என்பது விதி, ஜெர்மன் காருக்கு அது இடப்பக்கம். ஆகவே புறப்படுவதற்கு இரண்டு, மூன்று மாதம் முன்பே விற்பனையைத் தொடங்கி, இடைப்பட்ட நாள்களுக்கு மாத வாடகை வண்டி எடுத்துக்கொள்ளலாம். ஆதாக் தரும் மாதிரி ஒப்பந்தத்தில் ஒப்படைத்த தேதியோடு மணியையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். நாட்டைவிட்டே போகிறவர்கள், பதிவை ரத்து செய்த பிறகு வண்டியைக் கொடுப்பது நல்லது. வாங்கியவர் பெயர் மாற்றாமல் ஓட்டினால் வரும் தொல்லையைச் சேலத்தில் இருந்துகொண்டு தீர்ப்பது பெரும்பாடு.

வேறு நாடு போகிறவர்களுக்குச் சுருக்கமாக: பிரிட்டனில் இந்திய உரிமத்துக்கு ஓராண்டு வரை அவகாசம் உண்டு, ஆகவே வாடகைக் காலத்தை அதற்கேற்ப நீட்டலாம். துபாயில் குடியிருப்பு விசா வந்ததும் அந்நாட்டு உரிமம் வாங்கியாக வேண்டும், கார் கடனுக்கு விலையில் குறைந்தது 20 சதவீதம் கையிலிருந்து போட வேண்டும். சிங்கப்பூரில் கார் வைத்திருக்கும் உரிமைச் சான்று பத்தாண்டுக்கு ஏலத்தில் எடுக்கப்படுகிறது, அதன் விலையே காரின் விலையை எட்டிவிடுவதால் சில ஆண்டு வேலைக்குப் போகிறவர் வாங்குவதைப் பற்றி எண்ணவே வேண்டாம்.

கடைசியாக, இங்கே நிற்கும் கார். ஏற்காட்டில் பெற்றோரை விட்டுப் போகிறவர்கள் அதை அவசரப்பட்டு விற்க வேண்டாம். இரவில் சேலத்து மருத்துவமனைக்கு இறங்க அவர்களுக்கு வண்டி வேண்டும், நம்பகமான ஓட்டுநர் ஒருவரையும் பேசி வையுங்கள். ஓட்ட யாருமில்லாத வீட்டில், மலை மழையின் ஈரத்தில் இரண்டு ஆண்டு நிற்கும் காரை விற்றுவிடுவதே மேல். அப்படி விற்கும்போது காப்பீட்டு நிறுவனத்திடம், இழப்பீடு கோராத ஆண்டுகளுக்கான தள்ளுபடிச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். ஜெர்மன் காப்பீட்டு நிறுவனங்களில் சில அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு பிரீமியத்தைக் குறைக்கலாம், குறைக்காவிட்டாலும் மூன்று ஆண்டுக்குள் திரும்பி வந்து இங்கே கார் வாங்கினால் அந்தத் தள்ளுபடி அப்படியே உங்களுக்குக் கிடைக்கும்.