கிராம சபையில் "சின்னப் பையன்தானே" என்று உட்கார வைத்தால்

பேச எழுந்ததுமே, "தம்பி, அப்பாவை வரச் சொல்லு" என்கிறார்களா? 18 வயது முடிந்து, ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் நீங்களும் கிராம சபை உறுப்பினர்தான். தயங்காமல் அதைச் சொல்லுங்கள்.

வாய்ப்பேச்சை மட்டும் நம்பிப் போகாதீர்கள். கோரிக்கையை ஒரே பக்க மனுவாக எழுதுங்கள். "எங்கள் தெருவில் விளக்கு எரிவதில்லை" என்று மட்டும் இருந்தால் ஓரமாக வைத்துவிடுவார்கள். எந்தத் தெரு, மின்கம்பத்தின் எண் என்ன, எந்தத் தேதியிலிருந்து எரியவில்லை என்று எழுதினால் தட்டிக்கழிப்பது கஷ்டம். தெருக்காரர்களிடம் கையெழுத்து வாங்குங்கள், முக்கியமாகப் பெண்களிடம்; இருட்டில் நடக்கிற பயம் அவர்களுக்குத்தான் அதிகம். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் ஊராட்சி செயலாளரிடம் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம், கூட்டம் முடிந்ததும் கிளம்பிவிடாதீர்கள். தீர்மானப் புத்தகத்தில் உங்கள் கோரிக்கை ஏறியிருக்கிறதா என்று படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வெற்றுப் பக்கத்தில் போடவே போடாதீர்கள். தீர்மான நகல் தர மறுத்தால், தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன்படி 10 ரூபாய் கட்டணத்தோடு விண்ணப்பியுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தந்தாக வேண்டும்.