ரோபோவுக்கு அருகில் வேலை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரின் துவாஸ், ஜூரோங் வட்டாரத் தொழிற்சாலைகளில் வேலி ஏதுமின்றி ஊழியர்களுக்குப் பக்கத்திலேயே ரோபோக் கைகள் இயங்குவது இப்போது புதுமையல்ல. அவற்றை வாங்குவோர் செய்யும் முதல் தவறு, ஆள்மீது பட்டால் தானே நின்றுவிடும் என்ற விற்பனையாளரின் பேச்சை அப்படியே நம்பிவிடுவதாகும். கை நிற்கலாம், ஆனால் அதன் நுனியில் மாட்டிய கத்தியோ, அது தூக்கிச் செல்லும் கூரிய தகடோ அதற்குள் விரலைப் பதம் பார்த்துவிடும். எனவே கருவி, சுமை, இடம், வேலைமுறை அனைத்தையும் சேர்த்தே ஆபத்தை மதிப்பிட வேண்டும்.

ஆளைக் கண்டறியும் லேசர் ஸ்கேனரை வசதிப்பட்ட தூரத்தில் அமைப்பது அடுத்த தவறு. நடந்து வருபவரின் வேகத்தை நொடிக்கு 1.6 மீட்டர் எனக் கணக்கிடுவது வழக்கம். ஸ்கேனர் அவரைக் கண்ட பின் ரோபோ முழுமையாக நிற்க அரை நொடி ஆகுமானால், அதற்குள் அவர் 80 சென்டிமீட்டர் உள்ளே வந்திருப்பார். கையை நீட்டினால் இன்னும் நெருக்கம். பின்னாளில் உற்பத்தியைக் கூட்ட ரோபோவின் வேகத்தை ஏற்றினாலோ, கனமான பிடிகருவியை மாட்டினாலோ, நிற்கும் நேரம் நீளும்; ஸ்கேனரின் எல்லையோ பழையபடியே இருக்கும். மூன்றாண்டுக்கு ஒருமுறையாவதும், வேலைமுறை கணிசமாக மாறினால் அப்போதும் இடர் மதிப்பீட்டை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்பது சிங்கப்பூர் விதி. மூன்றாண்டுக்கு ஒருமுறை செய்தால் போதும் என்று அதைப் புரிந்துகொள்வது, என் பார்வையில், சோம்பலுக்குச் சொல்லும் சாக்கு.

ரோபோவுக்கு அசைவுகளைக் கற்பிக்கும் கைக்கருவியின் அனுமதிப் பொத்தானை ஒட்டுநாடாவால் கட்டிவைப்பதும் கூடாது. நடு அழுத்தத்தில் மட்டுமே ரோபோவை நகரவிடும் அப்பொத்தான், பதற்றத்தில் கைவிட்டாலும் இறுக்கிப் பிடித்தாலும் அதை நிறுத்துவதற்காகவே உள்ளது.

எல்லாவற்றிலும் ஆபத்தானது, அசையாத ரோபோவை அணைந்த ரோபோ என்று எண்ணுவது. சிக்கிய பெட்டியை எடுக்க ஒருவர் உள்ளே செல்கிறார். அந்தப் பெட்டி விலகியதும், உணரியின் சமிக்ஞைக்காகவே காத்திருந்த ரோபோ அடுத்த அசைவைத் தொடங்கிவிடுகிறது. மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் குழாயில் தேங்கிய காற்றழுத்தம் பிடிகருவியை அசைக்கக்கூடும் என்பதால், அதையும் வெளியேற்றிவிட்டு, உள்ளே செல்பவரே துண்டித்த மின்விசையில் தம் பூட்டை மாட்டி, பெயர் அட்டையைத் தொங்கவிட வேண்டும். சாவி அவருடைய சட்டைப்பையில் இருக்க வேண்டுமே தவிர, மேற்பார்வையாளரின் மேசையில் அல்ல.