காருக்கு நேவிகேஷன்: இன்பில்ட்டா, தனிக் கருவியா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

"டாப் எண்ட் எடுத்தீங்கன்னா நேவிகேஷன் இன்பில்ட்டாவே வந்துடும் சார்" என்று ஷோரூமில் சொல்வார்கள். பொய் இல்லை. ஆனால் அந்த ஒரு வரியை நம்பி அடுத்த வேரியன்ட்டுக்குத் தாவுவதுதான் இந்த விஷயத்தில் நடக்கும் முதல் தவறு. செலவு அதிகமான தவறும் அதுதான். டாப் எண்டில் சன்ரூஃப், நல்ல ஸ்பீக்கர், இன்னும் நாலு வசதி சேர்ந்து வரும். அவை வேண்டுமென்றால் தாராளமாக எடுங்கள். நேவிகேஷனுக்காக மட்டும் என்றால் கொஞ்சம் நில்லுங்கள்.

நேவிகேஷன் என்று நாம் ஒரே பேச்சில் சொல்வதில் மூன்று பொருள்கள் இருக்கின்றன. திரை, சாட்டிலைட் சிக்னலை வாங்கும் ரிசீவர், மேப். காரோடு வரும் திரையும் ரிசீவரும் பல வருடம் உழைக்கும். மேப் அப்படி இல்லை, அதுவும் சென்னையில். மேடவாக்கம் மேம்பாலம் முழுதாகத் திறந்தது 2022 மே மாதம். கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தது 2023 டிசம்பர் 30. அதற்கு முந்தைய மேப், மதுரை பஸ் பிடிக்கக் கிளம்பியவரை இன்னும் கோயம்பேட்டுக்குத்தான் கூட்டிப்போகும். போதாததற்கு மெட்ரோ இரண்டாம் கட்டம்: மூன்று வழித்தடம், சுமார் 119 கிலோமீட்டர். ஆற்காடு சாலை, ஓ.எம்.ஆர். என்று வேலை நடக்கும் இடங்களில் போன மாதம் இருந்த யு-டர்ன் இந்த மாதம் இருக்கும் என்று சொல்வதற்கில்லை.

ஆகவே ஷோரூமில் கேட்க வேண்டியது "நேவிகேஷன் இருக்கா?" என்பதல்ல. மேப்பை யார் அப்டேட் செய்வார்கள், எத்தனை வருடம், அதற்கப்புறம் எவ்வளவு கட்ட வேண்டும் என்று கேளுங்கள். சில கார்களில் உள்ளேயே சிம் இருக்கும், மேப் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். ஆனால் அந்த சேவை முதல் சில வருடம்தான் இலவசம், பிறகு வருட சந்தா. சில கார்களில் பென் டிரைவோ எஸ்டி கார்டோ கொண்டுபோய் ஏற்ற வேண்டும். சர்வீஸ் சென்டரில் விட்டால் செய்து தருவார்கள், நாம் ஞாபகமாகக் கேட்டால். விற்பனையாளருக்கே பதில் தெரியாமல் போகலாம். அப்படியானால் அதுவே ஒரு பதில்தான்.

டெஸ்ட் டிரைவில் பாட்டு போட்டுப் பார்க்கிறோம், ஏசி பார்க்கிறோம், மேப்பை மட்டும் தொடுவதில்லை. இரண்டு நிமிடம் போதும். கிளாம்பாக்கம் என்று அடித்துப் பாருங்கள். பிறகு உங்கள் வீட்டு முகவரி. சென்னை முகவரி சாதாரணமானதல்ல: புதிய எண் ஒன்று, பழைய எண் ஒன்று, எந்த நகருக்குப் போனாலும் அங்கே ஒரு 2வது மெயின் ரோடு, ஒரு 3வது குறுக்குத் தெரு. நாம் பூந்தமல்லி ஹை ரோடு என்போம், பலகையில் ஈ.வெ.ரா. பெரியார் சாலை என்றிருக்கும். இரண்டில் எதைச் சொன்னாலும் கண்டுபிடிக்கிற மேப்தான் இங்கே உதவும். அடுத்ததாக, வாட்ஸ்அப்பில் யாராவது அனுப்பிய லொகேஷனை அந்தத் திரைக்குக் கொண்டுபோக முடிகிறதா என்று பாருங்கள். கல்யாணப் பத்திரிகையிலேயே மண்டபத்துக்கு க்யூஆர் கோடு அச்சடித்துத் தருகிற காலம் இது. அதை ஸ்கேன் செய்வது போன். போனில் வந்த இடத்தைத் திரையில் எழுத்தெழுத்தாக அடிக்க வேண்டியிருந்தால், நாலாவது நாள் நீங்களே போனுக்குத் திரும்பிவிடுவீர்கள்.

இதை வைத்து இன்பில்ட் என்பதே வீண் என்று முடிவு கட்டினால் அது எதிர்ப்பக்கத் தவறு. கத்திப்பாராவை எடுத்துக்கொள்ளுங்கள். ஜி.எஸ்.டி. சாலை, அண்ணா சாலை, உள்வட்டச் சாலை, பூந்தமல்லி சாலை எல்லாம் சந்திக்கும் இடம். மேலே ஏறுவதா, கீழேயே போய்த் திரும்புவதா என்று சில விநாடிகளில் முடிவெடுக்க வேண்டும். ஜிபிஎஸ் சாட்டிலைட்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அங்கிருந்து வரும் சிக்னல் ரொம்ப மெலிது. திறந்த வெளியில் போன் உங்கள் இடத்தை ஏறக்குறைய 5 மீட்டருக்குள் சொல்லிவிடும். ஆனால் அது பக்கவாட்டுக் கணக்கு, உயரத்தில் பிழை இன்னும் கூடும். பாலத்தின் மேலும் அடியிலும் ஒரே புள்ளி என்பதால் போன் குழம்புகிறது. வடபழனி, அசோக் நகர் பக்கம் 100 அடி சாலையில் மெட்ரோ பாலத்துக்கு அடியிலேயே போகும்போது வானமும் பாதி மறைந்துவிடும். நீல அம்பு பக்கத்துத் தெருவுக்குத் தாவும், "ரீரூட்டிங்" என்று சுற்றும்.

காரோடு வரும் நல்ல நேவிகேஷன் இங்கேதான் கைகொடுக்கும். சக்கரம் எவ்வளவு சுற்றியது, வண்டி எந்தப் பக்கம் திரும்பியது என்று காரின் சென்சார்களிடமிருந்தே அது தெரிந்துகொள்ளும். சிக்னல் போனாலும் அந்தக் கணக்கை வைத்து அம்பை நகர்த்திக்கொண்டே போகும். பாலத்தின் மேலா கீழா என்பதில் அதுவும் சில நேரம் ஏமாறும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். போன் பக்கமும் நிலைமை முன்பைவிடப் பரவாயில்லை. மேம்பாலத்தில் ஏறுங்கள் என்று முன்கூட்டியே சொல்லும் வசதியை கூகுள் மேப்ஸ் 2024 ஜூலையில் இந்தியாவுக்குக் கொண்டுவந்தது.

அப்படியானால் எதை எடுப்பது? என் கணக்கில் சென்னைக்குள் ஓட்டுகிற பெரும்பாலானவர்களுக்கு இன்பில்ட்டுக்கும் போனுக்கும் நடுவில் இருப்பதுதான் சரி: போனில் இருப்பதைக் கார்த் திரையில் காட்டும் ஆண்ட்ராய்டு ஆட்டோவும் ஆப்பிள் கார்பிளேயும் வேலை செய்கிற திரை. திரை காருடையது, மேப் போனுடையது. பல மாடல்களில் நடு வேரியன்ட்டிலேயே இது வந்துவிடுகிறது. மேப்பைப் புதுப்பிக்க யாரையும் கெஞ்ச வேண்டாம். வயர்லெஸ் என்றால் போன் சூடாகும், பேட்டரி இறங்கும். நீண்ட பயணத்துக்குக் கேபிள் நல்லது. அந்தக் கேபிளில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள், பாதி வழியில் திரை கறுத்துப்போவதற்கு மட்டக் கேபிள் ஒரு முக்கியக் காரணம்.

பழைய காரில் திரையே இல்லை, போனைத்தான் ஒட்டி வைக்க வேண்டும் என்கிறவர்கள் வெயிலை மறந்துவிடுகிறார்கள். ஐபோனைப் பயன்படுத்தத் தகுந்த சுற்றுப்புற வெப்பம் 35 டிகிரி வரைதான் என்று ஆப்பிளே சொல்கிறது. அக்னி நட்சத்திர மதியத்தில் வெளியே நிறுத்திய காரின் டேஷ்போர்டைத் தொட்டுப் பாருங்கள், கணக்கு புரியும். கண்ணாடியில் ஒட்டிய போன் ஒரு பக்கம் சார்ஜ் ஏறிக்கொண்டு, ஒரு பக்கம் வெயில் வாங்கிக்கொண்டு, திரையை மங்கவைத்துக் கடைசியில் அணைந்தே போகும். ரப்பர் உறிஞ்சி ஹோல்டர் சூட்டில் இளகி விழுவது தனிக் கதை. ஏசி வென்ட்டில் மாட்டும் ஹோல்டர் வாங்குங்கள், போனுக்கும் காற்று கிடைக்கும். ஏர்பேக் மூடி மேல் எதையும் ஒட்டாதீர்கள். போனைக் கையில் பிடித்துக்கொண்டு வழி பார்க்கவும் கூடாது. கவனம் சிதறாத வகையில், வழி பார்ப்பதற்கு மட்டும் போனைப் பயன்படுத்தலாம் என்று 2020 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகன விதி திருத்தம் இடம் கொடுக்கிறது. அதற்குமேல் இல்லை.

தனி ஜிபிஎஸ் கருவி, அதாவது கார்மின் மாதிரி சின்னத் திரை, இன்றைக்கு வாங்கத் தேவை இருக்கிறதா? சென்னைக்குள் இல்லை என்றே சொல்வேன். "மலைப்பக்கம் நெட் இருக்காது, அதனால் தனிக் கருவிதான் வேண்டும்" என்பார்கள். ஜிபிஎஸ் சிக்னலுக்கு நெட் வேண்டாம். மேப்பைக் கீழே இறக்கத்தான் நெட் வேண்டும். ஏலகிரியோ கொல்லிமலையோ போவதற்கு முந்தைய இரவு வீட்டு வைஃபையில் அந்தப் பகுதியை ஆஃப்லைன் மேப்பாக இறக்கிக்கொண்டால் வேலை முடிந்தது. டிராஃபிக் நிலவரம் மட்டும் தெரியாது.

பழைய கருவியை யாராவது மலிவாகக் கொடுத்தாலும் யோசியுங்கள். ஜிபிஎஸ் தன் வாரக் கணக்கை 1024 வாரத்துக்கு ஒருமுறை பூஜ்யத்திலிருந்து தொடங்கும். கடைசியாக அது நடந்தது 2019 ஏப்ரல் 6. அதற்குத் தயார்செய்யாத பழைய கருவிகளில் தேதி குழம்பிப்போகும். இன்பில்ட்டும் இந்த மாதிரிக் கோளாறுக்குத் தப்பியதல்ல: 2022 ஜனவரியில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஹோண்டாவின் பழைய கார்கள் பலவற்றில் நேவிகேஷன் கடிகாரம் 2002-க்குப் போய் நின்றது. பெட்டியில் "லைஃப்டைம் மேப்" என்று போட்டிருந்தால் யாருடைய லைஃப் என்று பாருங்கள். உங்களுடையது இல்லை, அந்தக் கருவியுடையது. நிறுவனம் அதற்கு மேப் தருவதை நிறுத்தும் வரைதான்.

பழைய காரில் புதுத் திரை போட ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்குப் போகிறவர்கள் ரேம், இன்ச் எல்லாம் கேட்பார்கள், ஜிபிஎஸ் ஆன்டெனாவை எங்கே வைக்கப்போகிறார் என்று கேட்க மாட்டார்கள். ஸ்டீரியோவுக்குப் பின்னால் உலோகச் சட்டத்துக்குள் சுருட்டித் திணித்துவிட்டால் எவ்வளவு நல்ல திரையும் வழி தவறும். டேஷ்போர்டின் மேல்பக்கம், கண்ணாடிக்கு அருகில் வைக்கச் சொல்லுங்கள். கண்ணாடியில் உலோகப் பூச்சுள்ள ஃபிலிம் இருந்தால் அதுவும் சிக்னலைக் குறைக்கும். வயரை வெட்டி ஒட்டாமல் கப்ளருக்குக் கப்ளர் (வயர் முனையில் இருக்கும் பிளக்) மாட்டச் சொல்லுங்கள், வாரன்ட்டி இருக்கிற வண்டி என்றால் கட்டாயம். வெறுமனே "ஜிபிஎஸ்" என்று கேட்காதீர்கள். வண்டி எங்கே நிற்கிறது என்று முதலாளிக்குச் சொல்லும் டிராக்கரை எடுத்து நீட்டிவிடுவார்கள்.

மழைக்காலத்துக்கு ஒரு வார்த்தை. துரைசாமி சப்வேயிலும் கணேசபுரம் சப்வேயிலும் தண்ணீர் ஏறியதை எந்த மேப்பும் உடனே சொல்லிவிடும் என்று நம்ப வேண்டாம். கனமழையன்று கிளம்பும் முன் போக்குவரத்துக் காவல்துறையின் எக்ஸ் பக்கத்தைப் பார்த்துவிடுங்கள். வண்டியை ஆக்டிங் டிரைவரிடம் கொடுப்பீர்களானால் குரலைத் தமிழுக்கு மாற்றி வையுங்கள். கூகுள் மேப்ஸில் தமிழ்க் குரல் இருக்கிறது. இன்பில்ட்டில் இருக்கிறதா என்பதை வாங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

காரை விற்கும்போது ஆர்சி மாற்றம், இன்சூரன்ஸ் என்று எல்லாம் பார்க்கிறோம். திரைக்குள் உங்கள் வீட்டு முகவரியும், பிள்ளைகளின் பள்ளியும், போனிலிருந்து ஏறிய தொடர்பு எண்களும் அப்படியே கிடக்கும். செட்டிங்ஸில் ஃபேக்டரி ரீசெட் கொடுத்து, சேவைக் கணக்கிலிருந்து அந்தக் காரை நீக்கிவிட்டுச் சாவியைக் கொடுங்கள். பழைய கார் வாங்குகிறவர் இதையே மறுபக்கமிருந்து கேட்க வேண்டும். முந்தைய உரிமையாளரின் கணக்கில் இன்னும் இணைந்திருந்தால், உங்கள் வண்டி எங்கே நிற்கிறது என்று அவருடைய போனிலும் தெரியும்.