கோச், டைரக்டர்: அதிகாரத்தைப் பிரிக்கும்போது நடக்கும் தவறுகள்

வியாசர்பாடி, காசிமேடு பக்கம் ஒரு ஃபுட்பால் டீம் லீக் ஆடுகிற அளவுக்கு வளர்ந்துவிட்டால், அதுவரை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்ட செகரட்டரியை டைரக்டராக்கிவிட்டு, வெளியிலிருந்து ஒரு கோச்சைக் கூட்டிவருவார்கள். அதில் தப்பில்லை. எதில் யாருடைய முடிவு கடைசி என்று எழுதி வைக்காததுதான் முதல் தவறு.

இங்கிலாந்தின் நியூகாசில் கிளப்பில் நடந்தது இதுதான். 2008இல் கெவின் கீகன் மேனேஜர் (அங்கே கோச்சை அப்படித்தான் சொல்வார்கள்), ஆள் எடுக்கிற வேலை டைரக்டர் டென்னிஸ் வைஸ் கையில். கீகன் கேள்விப்பட்டே இராத இக்னாசியோ கொன்சாலஸை லோனில் (வேறு கிளப்பிலிருந்து தற்காலிகமாக) எடுக்கப்போவதாகச் சொல்லி, யூடியூபில் பாருங்கள் என்றார்கள். பார்த்துவிட்டு வேண்டாம் என்றார், அப்படியும் எடுத்தார்கள். செப்டம்பரில் ராஜினாமா. கடைசி முடிவு கீகனுடையது என்று வெளியே சொல்லிவந்த கிளப், தீர்ப்பாயத்தில் அதெல்லாம் பத்திரிகைக்குச் சொன்னது என்றது! 2009இல் கீகனுக்கு 20 லட்சம் பவுண்டு நஷ்டஈடு. கொன்சாலஸ் இறங்கியது இரண்டே ஆட்டம், அதுவும் மாற்று ஆளாக.

கீகன் விலகிய அதே வாரம் வெஸ்ட் ஹாம் கிளப்பின் மேனேஜர் ஆலன் கர்பிஷ்லியும் விலகினார். லெப்ட் பேக் ஜார்ஜ் மெக்கார்ட்னியை கர்பிஷ்லியின் சம்மதமில்லாமல் சண்டர்லாந்துக்கு விற்றிருந்தார்கள். வாங்குவது, விற்பது இரண்டும் அவர் முடிவு என்று ஒப்பந்தத்திலேயே இருந்ததால் வழக்கில் அவரும் ஜெயித்தார். நம் ஊர்க் கணக்கில், ஆள் சேர்ப்பதோடு என்ஓசி (வேறு கிளப்புக்குப் போக ஆட்சேபமில்லை என்ற கடிதம்) கொடுப்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

ஒரே பக்கம் போதும். ஆடும் பதினோரு பேர், மாற்று ஆட்கள், பிராக்டிஸ் எல்லாம் கோச் மட்டும். பணம், ஏஜென்ட் பேச்சு டைரக்டர் மட்டும். புது ஆளுக்கும் என்ஓசிக்கும் இருவர் கையெழுத்தும் வேண்டும். ஒருவர் மறுத்தாலும் கிடையாது. முட்டிக்கொண்டால் பிரசிடென்ட் எத்தனை நாளில் தீர்க்க வேண்டும் என்பதையும் போடுங்கள், இல்லாவிட்டால் ரிஜிஸ்ட்ரேஷன் தேதி தாண்டிவிடும்.

ஆள் தேடும்போது கோச்சிடம் பெயர் கேட்பது இன்னொரு தவறு. பழைய டீம் பையன்களைக் கொண்டுவருவார். அவர் போனதும் அவர்களும் போய்விடுவார்கள். தேவையைக் கேளுங்கள்: இடது கால், 23 வயதுக்குள், ஏறி இறங்கி ஓடணும். மூன்று பேரை டைரக்டர் காட்டட்டும், அதில் கோச் ஒருவரை எடுக்கட்டும்.

ஹாஃப் டைமில் டைரக்டர் டீமுக்கு நடுவே போய்ப் பேசக் கூடாது, சொல்லவே வேண்டாம். அதைவிட மோசம் வீட்டு வாசலில் நடப்பது. டைரக்டர் ஏரியாக்காரர், பையனின் அப்பாவையே தெரியும். பெஞ்சில் உட்கார்ந்தவன் நேரே அங்கே போவான்: “ண்ணா, கோச்சு என்னிய எறக்கவே மாட்றாரு.”

“கோச்சாண்டயே கேளுடா.” இதற்கு மேல் டைரக்டர் ஒரு வார்த்தை பேசினால், அடுத்த ஞாயிறு இன்னும் இரண்டு பேர் வந்து நிற்பார்கள்.